ஆவிக்கு எதுக்கு ஹெல்மெட்?

ஜூலை 8, திங்கள்

வருங்காலச் சரித்திர ஆசிரியர்களே, குறித்துக்கொள்ளுங்கள். தூத்துக்குடித் துறைமுகத்தில் முப்பத்தைந்து வருடம் கிளியரிங் ஏஜெண்டிடம் குமாஸ்தாவாக இருந்து, ஏழு கடல் சரக்கையும் ஒற்றைக் கையெழுத்தில் கரையேற்றிய ரெமிஜியுஸ் கொரைரா ஆகிய நான், இன்று காலை ஆறு மணி முதல் பதினொன்றரை வரை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். வேறு ஒன்றும் செய்யவில்லை. அதற்கே உடம்பு அடித்துப்போட்ட மாதிரி இருக்கிறது.

என் அக்கா சலேத்தின் வீட்டுக்காரர் இஞ்ஞாசி அத்தானுக்குச் சிறுநீரகம் இரண்டும் வேலைநிறுத்தம் செய்து எட்டு மாதம் ஆகிறது. திங்கள், புதன், வெள்ளி டயாலிசிஸ். இதுவரை அவர் மகள் ஜெனோவாதான் கூட்டிப் போனாள். அவள் பள்ளிக்கூடத்து டீச்சர். எடுக்கக்கூடிய லீவு, எடுக்கக்கூடாத லீவு இரண்டையும் தீர்த்துவிட்டாள். அக்காவுக்கு முட்டி மடங்காது. மிச்சம் இருப்பது நான், மனைவியைப் புதைத்துவிட்டு ஒற்றையாளாகச் சோறு பொங்குகிற, ரிட்டையர் ஆன மாமன்.

டயாலிசிஸ் அறையின் ஏசி குளிரை என்னவென்று எழுத? இன்னும் ஒரு பாயிண்ட் குறைத்தால் பென்குயின்கள் வரிசையில் வந்து டோக்கன் கேட்கும். அத்தான் கழுத்து வரை போர்த்திக்கொண்டு, இடது கையை மட்டும் வெளியே நீட்டிப் படுத்திருந்தார். குழாயில் அவர் ரத்தம் வெளியே போய், சுத்தமாகித் திரும்ப வந்துகொண்டிருந்தது. இரண்டாவது மணி நேரத்தில் கண்ணைத் திறந்தார்.

“மாப்ள, அடுத்த மாசம் மாதா திருவிழா வருதுல்லா. அதுக்கு முந்தின வெள்ளிக்கிழமையோட இத நிறுத்திருவேன்.”

“எத? டீயையா?”

“இத.” தாடையால் மெஷினைக் காட்டினார். “எட்டு மாசமா எல்லாரையும் இழுத்தடிச்சிட்டேன். படகு சின்னதுடே. வானத்துத் தண்டல் என்ன சொன்னாரு? ஞாபகம் இருக்கா?”

“இருக்கு அத்தான்.”

எனக்கு இல்லாமல் வேறு யாருக்கு இருக்கும்? மேலே எழுதத் தெம்பில்லை.

ஜூலை 9, செவ்வாய்

வானத்துத் தண்டல் யார் என்று சரித்திர ஆசிரியர்கள் கேட்பார்கள். சொல்லிவிடுகிறேன்.

எண்பத்து நாலாம் வருடம். அத்தான் அப்போது கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப்போகும் தோணியில் தண்டல், அதாவது கப்பலுக்குக் கேப்டன் எப்படியோ அப்படி. ஒரு நடையில் கலர் டீவி ஒன்று அவரோடு வந்து இறங்கியது. எப்படி இறங்கியது என்பதை ஒரு கிளியரிங் குமாஸ்தாவிடம் கேட்கக் கூடாது. நம் நாட்டு டீவி நிலையம் எதுவும் அன்று இந்தப் பக்கம் எட்டாது. நாற்பது அடி இரும்புக் குழாயில் ஆண்டெனா கட்டி இலங்கைப் பக்கம் திருப்பினால் அக்கரை நிகழ்ச்சி வரும். ஒருத்தன் மொட்டை மாடியில் குழாயைத் திருக, ஒருத்தன் வாசலில் நின்று “தெரியுதா?” என்று கத்த, உள்ளே நாற்பது பேர் “தெரியல!” என்று பதில் கத்த, அந்தச் சத்தத்துக்கே ஹார்பர் கொக்குகள் மன்னார் வரை பறந்து போயின.

வியாழக்கிழமைதோறும் மாலை ஆறு மணிக்கு ஓர் ஆங்கிலத் தொடர். கவிழ்த்த சட்டி மாதிரி ஒரு விண்கலம், அதில் ஒரு கேப்டன், ஒரு டாக்டரம்மா, இன்னும் நாலு பேர், வாரம் ஒரு கிரகம். படம் தெளிவாவதற்குள் பெயர் ஓடி முடிந்துவிடும் என்பதால் அதன் பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது. எங்களுக்கு அது சட்டிக்கப்பல். கேப்டன், வானத்துத் தண்டல். பேசுவது ஆங்கிலம், கீழே ஓடுவது சிங்களம். ஆகவே நாற்பது பேருக்கும் ஒரு மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டார். தெருவிலேயே பேண்ட் போட்டு ஆபீஸ் போன ஒரே ஆள் நான்தான். டீவிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டார்கள். அரியணை என்றே எழுதலாம்.

இருபத்தாறு வாரம் ஆண்டேன்.

ஜூலை 10, புதன்

தீர்மானம் ஒன்று செய்துகொண்டு போனேன். நிறுத்துகிற பேச்சை அத்தான் எடுக்கும் முன்பே வேறு பேச்சு எடுத்துவிட வேண்டும். ஊசி ஏற்றி முடிந்ததும் ஆரம்பித்தேன்.

“அத்தான், சட்டிக்கப்பல்ல ஒரு சந்தேகம். செவப்புக் கிரகத்துல ஒரு பொட்டுத் தண்ணி கிடையாது. அந்த டாக்டரம்மா திரும்பி வரும்போது உடுப்பு எப்படி நனைஞ்சிருந்துச்சு?”

வேலை செய்தது. எட்டு மாதமாக விட்டத்தைப் பார்த்துக் கிடந்த மனிதர் தலையணையிலிருந்து அரையடி எழும்பினார்.

“இத நான் அன்னைக்கே கேட்டேன். நீ வேர்வைன்ன.”

“வேர்வைதான்.”

“தொப்பலாவா? என்னடே கத உடுத. பத்து நிமிசம் காக்கா ஆண்டெனால உக்காந்துட்டுன்னு படம் போச்சே, அதுக்குள்ள என்னமோ நடந்திருக்கு.”

இப்படியே மூன்று மணி நேரம். டயாலிசிஸ் சிஸ்டர் பேச்சியம்மாள் வந்து, “தாத்தா, கைய ஆட்டாதீங்க, ஊசி நழுவிரும்” என்று இரண்டு தடவை அதட்டினாள்.

ஜூலை 12, வெள்ளி

அத்தான் ஒரு தாள் கொண்டுவந்திருந்தார். வீட்டில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார். அக்கா ஆச்சரியப்பட்டாளாம், பேனா பிடித்து வருஷமாகிறதே என்று. சட்டிக்கப்பலின் விளங்காத சங்கதிகள், மொத்தம் பதினொன்று. அதில் நாலாவது:

“எந்தக் கிரகத்துல இறங்கினாலும் மொதல்ல கஸ்டம்ஸ்காரன் வந்து பேப்பர் கேக்கானே, அது எப்படிடே? கொம்பு முளைச்சவன், மூணு கண்ணுக்காரன், எல்லாவனும் ‘சரக்கு என்ன, பில் எங்க’ன்னுதான கேட்டான்? வானம் பூரா கஸ்டம்ஸா?”

“அரசாங்கம்னா எங்கயும் அரசாங்கம்தான் அத்தான்.”

“ம்.” நம்பவில்லை. தாளை மடித்துப் போர்வைக்குள் வைத்துக்கொண்டார்.

என் அன்றைய ஆங்கிலம் முழுவதும் கப்பல் சரக்குச் சீட்டிலிருந்து வந்தது என்பதை இந்த இடத்தில் ஒரு தகவலாக மட்டும் பதிவு செய்கிறேன்.

கடைசிக் கேள்விதான் பெரியது. அதைப் படிக்கும்போது அத்தான் குரல் இறங்கிவிட்டது. இருபத்து மூன்றாவது வாரம் சட்டிக்கப்பல் தீப்பற்றுகிறது. தப்பிக்கிற சின்னப் படகில் ஐந்து இருக்கை, ஆள் ஆறு. தண்டல் மற்றவர்களை ஏற்றிவிட்டுத் தான் நின்றுவிடுகிறார். கப்பலோடு எரிந்து போகிறார். சரி. ஆனால் கடைசி வாரம், புதுக் கிரகத்தில், புள்ளி புள்ளியாகத் தெரிந்த படத்தில், தூரத்தில் ஹெல்மெட் போட்டு நடந்து போனது ஆறு பேர். அத்தான் எண்ணியிருக்கிறார். நாற்பது பேரும் எண்ணினோம்.

“நீ என்ன சொன்ன? ஆறாவது தண்டலோட ஆவின்ன. எல்லாரும் அழுதோம். சரிடே. ஆவிக்கு எதுக்கு ஹெல்மெட்?”

டீ வாங்கி வருகிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

ஜூலை 14, ஞாயிறு

பூசைக்குப் போனேன். இரண்டு சட்டை துவைத்தேன். மீன் வாங்கவில்லை. எனக்கு மட்டும் என்று ஆய்வதற்கு அலுப்பாக இருக்கிறது.

ஜூலை 15, திங்கள்

மோசமான நாள். மூன்றாவது மணியில் அத்தானுக்குக் கெண்டைக்காலில் சுண்டி இழுத்தது. கடலில் முப்பது வருடம் கிடந்த மனிதர் போர்வையைக் கடித்துக்கொண்டார். பேச்சி சிஸ்டர் பாதத்தை மடக்கிப் பிடிக்க, நான் காலை நீவினேன். கால் என்றா சொன்னேன்? தோல் உறை போட்ட துடுப்பு.

வலி விட்டதும் அவரே பேசினார். தொண்ணூற்றிரண்டு நவம்பர். தோணி நடுக்கடலில் தண்ணீர் வாங்க ஆரம்பித்தது. ஆட்களைச் சின்னப் படகில் இறக்கிவிட்டு அவர் ஏறவில்லை. பம்பை அடித்துக்கொண்டு தனியாக நின்றார், ஒரு பகல் முழுக்க. சாயங்காலம் வேறொரு தோணி கண்டு ஏற்றியது.

“பயமே இல்ல மாப்ள. வானத்துத் தண்டல் சொன்னாருல்லா, ‘பாரம் நான்தான். நீங்க போங்க’ன்னு. அதத்தான் சொல்லிச் சொல்லி அடிச்சேன். படகுல இடம் இருந்துச்சு, பயலுவ கூப்பிட்டானுவ. நான்தான் வேண்டாம்னேன்.”

“இடம் இருந்துச்சா?”

“நெருக்கினா இருந்திருக்கும்.”

இந்தக் கதையை அவர் நூறு தடவை சொல்லிக் கேட்டிருக்கிறேன். இடம் இருந்த விஷயத்தை இன்றுதான் கேட்கிறேன்.

இரவுக்குக் கஞ்சி மட்டும்.

ஜூலை 17, புதன்

திரும்பி வந்து அத்தானை வீட்டில் படுக்க வைத்துவிட்டு, அடுக்களையில் அக்காவோடு உட்கார்ந்தேன். அவருக்கான காய்கறியைப் பெரிய பாத்திரத் தண்ணீரில் ஊறவைத்துக்கொண்டிருந்தாள். பொட்டாசியம் இறங்க வேண்டுமாம். நிறுத்தப்போகிற பேச்சை அவளிடமும் சொல்லிவிட்டாராம்.

“நீ என்னக்கா சொன்ன?”

“நான் என்னத்தச் சொல்ல? எங்கிட்டக் கேட்டா முடிவெடுத்தாரு? தகவல் சொன்னாரு.” காயைப் பிழிந்தாள். “ஏ ரெமி, அந்தச் சட்டிக்கப்பல்காரன் இருந்தாம்லா, பெரிய தண்டல். எல்லாரும் அன்னைக்கு மூக்கச் சிந்துனிய. அவனுக்கு ஒரு பொண்டாட்டி இருந்திருந்தா, அவகிட்ட ஒரு வார்த்த கேட்டிருப்பானா?”

“அவனுக்குக் கல்யாணம் ஆகலக்கா.”

“நீ சொன்னாச் சரிதான்.”

அக்கா என்னைப் பார்த்த பார்வையை நான் பார்க்கவில்லை. அப்படியே எழுதுகிறேன்: பார்க்கவில்லை.

ஜூலை 19, வெள்ளி

ஆபத்து. அத்தானின் பதினொரு கேள்வித் தாளை ஜெனோவா பார்த்துவிட்டாள். அப்பா எதிலோ ஆர்வம் காட்டுகிறாரே என்று பிள்ளைக்குச் சந்தோஷம். கவிழ்த்த சட்டி, ஆறு பேர், தீப்பிடித்த கப்பல் என்று போனில் எதையெதையோ போட்டுத் தேடியிருக்கிறாள். இருபத்தாறு பாகமும் எவனோ ஏற்றி வைத்திருக்கிறானாம்.

உலகத்தில் வேலையில்லாதவர்கள் பெருகிவிட்டார்கள்.

ஜூலை 20, சனி

பீரோவைத் துடைத்தேன். பரணை ஒதுக்கினேன். தெரு முனை வரை நடந்து திரும்பி வந்தேன்.

ஜூலை 22, திங்கள்

மாலை ஜெனோவா என் வீட்டுக்கு வந்தாள். ஸ்கூட்டியை நிறுத்தின வேகத்திலேயே தெரிந்தது.

“மாமா, எந்தக் கிரகத்துலயும் கஸ்டம்ஸ் ஆபீஸ் இல்ல.”

“இருக்காது. இப்ப எடுத்திருப்பானுவ.”

“மாமா!”

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. இருபத்து மூன்றாவது பாகத்தைப் போட்டு என் முகத்துக்கு நேரே நீட்டினாள். நாற்பது வருடம் கழித்து, ஒரு புள்ளி இல்லாமல், துடைத்துவிட்ட கண்ணாடி மாதிரி படம். தீ. புகை. தண்டல் டாக்டரம்மாவைப் படகுக்குள் தள்ளுகிறார், கையை நீட்டி ஏதோ கத்துகிறார், திரும்பி ஓடுகிறார். அதோடு பாகம் முடிகிறது. அன்றைக்கு அவர் வாய் அசைந்த அந்த இடத்தில்தான் காற்று குழாயைத் திருப்பி, திரை முழுக்க உப்பைக் கொட்டிய மாதிரி ஆனது. நாற்பது தலையும் ஸ்டூல் பக்கம் திரும்பியது. தண்டல் என்ன சொன்னாரு ரெமி, என்ன சொன்னாரு?

“அவரு என்ன சொல்றார் தெரியுமா?” என்றாள் ஜெனோவா. “‘படகப் பிடிச்சு வைங்க, குடிதண்ணி டப்பாவ எடுத்துட்டு வந்துடுறேன்.’ அவ்வளவுதான் மாமா. அடுத்த பாகத்துல மொத நிமிஷமே வந்துடுறாரு.”

அடுத்த இரண்டு பாகத்தையும் நாங்கள் பார்க்கவில்லை. அந்த வாரக் காற்றில் குழாய் முறிந்து விழுந்துவிட்டது. நிமிர்த்தப் பதினைந்து நாளாயிற்று.

“அப்பாகிட்ட நீங்க சொல்றீங்களா, நான் காட்டட்டுமா?”

“அம்மா, தாயே. ஊருக்குள்ள எனக்கு இருக்கிற ஒரே பேரு அது. இன்னைக்கும் ஹார்பர் டீக்கடையில சட்டிக்கப்பல் ரெமின்னுதான் கூப்பிடுதான்.”

“அந்த ஒரு வரிய வச்சுக்கிட்டுத்தான் அப்பா சாகப்போறாங்க. நீங்க பேரக் காப்பாத்திட்டிருங்க.”

ஸ்கூட்டி போன பிறகும் கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றேன். கொசு கடித்தது.

ஜூலை 24, புதன்

இன்று சொல்லிவிட வேண்டும் என்று போனேன். முதல் மணி நேரம் அத்தான் தூங்கினார். இரண்டாம் மணியில் டாக்டர் வந்தார். மூன்றாம் மணியில் எனக்கு இருமல் வந்தது. நாலாம் மணியில் மெஷின் கூவ ஆரம்பித்துவிட்டது, நேரம் முடிந்தது என்று.

ஜூலை 26, வெள்ளி

மாதா கோவில் கொடியேற்றம். அத்தான் ஆட்டோவிலிருந்தே சிலுவை போட்டுக்கொண்டார். இன்றும் சொல்லவில்லை.

ஜூலை 29, திங்கள்

டாக்டரிடம் அத்தான் நேராகவே கேட்டுவிட்டார். நிறுத்தினால் எத்தனை நாள்? ஒரு வாரம், பத்து நாள், ஆளைப் பொறுத்தது என்றார் டாக்டர். கஷ்டமாக இருக்கும் என்றும் சொன்னார். அத்தான் துறைமுகத்தில் காற்று நிலவரம் கேட்டுக்கொள்கிறவர் மாதிரி தலையாட்டினார்.

திரும்பும்போது ஆட்டோவில் சொன்னார்: “ஜெனோவா மெலிஞ்சு போயிட்டா, பாத்தியா? உங்க அக்கா படி ஏற முடியாம கீழயே படுக்கா. நீ வேற காலங்காத்தால வந்து குளிர்ல கிடக்க. அஞ்சு பேர் படகுடே இது.”

“நாம மொத்தமே நாலு பேருதான அத்தான்.”

“விளையாடாத.”

ரத்தம் சுத்தமாவது அவருக்கு. களைத்துப்போவது எனக்கு. இரவு ஏழரைக்கே படுத்துவிட்டேன்.

ஜூலை 31, புதன்

இல்லை. இன்றும் இல்லை.

ஆகஸ்ட் 2, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

எப்படிச் சொன்னேன் என்று அலங்காரமாக எழுதலாம். அறை நடுங்கியது, மெஷின்கள் எல்லாம் எழுந்து நின்றன என்று. ஒன்றும் நடக்கவில்லை. பக்கத்துக் கட்டில்காரர் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

இரண்டரை மணி நேரம் ஓடியிருந்தது. அத்தான் பேச்சி சிஸ்டரிடம், “இன்னையோட முடியுதும்மா, நல்லாப் பாத்துக்கிட்ட” என்றார். அந்தப் பிள்ளை என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் குழாயைச் சரிசெய்தாள்.

“அத்தான், அந்த ஆறாவது ஹெல்மெட்டு” என்றேன். “ஆவி இல்ல. தண்டல்தான். அவரு சாகல.”

திரும்பிப் பார்த்தார்.

“எனக்கு இங்கிலீஷ் தெரியாது அத்தான். அன்னைக்கும் தெரியாது, இன்னைக்கும் தெரியாது. சரக்குச் சீட்டு வாசிப்பேன். அவ்வளவுதான். கஸ்டம்ஸு, பில்லு, எல்லாம் நான் விட்டது. ‘பாரம் நான்தான்’னு அந்த மனுசன் சொல்லவே இல்ல. படம் போயிட்டு, எல்லாரும் என்னயப் பாத்தாங்க. நான் அடிச்சு விட்டேன். குடிதண்ணி டப்பா எடுக்கப் போயிருக்காரு. எடுத்துட்டு வந்து உக்காந்துட்டாரு.”

சிரிப்பார் என்று நினைத்தேன். நாற்பது வருடமாக நான் எதைச் சொன்னாலும் சிரிக்கிறவர். முகம் வெள்ளையாகிவிட்டது.

“எல்லாரும் அழுதோமே.”

“ஆமா.”

“நான் எந்திச்சு நின்னேனே. துண்ட எடுத்து இடுப்புல கட்டிக்கிட்டு.”

“ஆமா அத்தான்.”

குழாயில் ஓடும் ரத்தத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாக, “அப்ப தொண்ணூத்திரெண்டுல நான் எதுக்குல நின்னேன்?” என்றார்.

ஒரு வரி அவிழ்த்துவிட்டால் போதும், அதற்குத்தானே இந்த வாய். வரவில்லை.

மெஷினை நிறுத்தச் சொன்னார். பேச்சி சிஸ்டர் டாக்டரைக் கேட்டு, திட்டி, கெஞ்சி, கையெழுத்து வாங்கிக்கொண்டு, ஒரு மணி நேரம் இருக்கும்போதே கழற்றிவிட்டாள். ஆட்டோவில் அத்தான் வழி முழுக்க வெளியே பார்த்தபடி வந்தார். இறங்கும்போது என் கையைப் பிடிக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

ஆகஸ்ட் 3, சனி

அக்கா போன் செய்தாள். “வராத. உம் பேர எடுத்தாலே மூஞ்சியத் திருப்புதாரு.” பிறகு, “சோறு பொங்கினியா?” என்று கேட்டாள். பொங்கினேன் என்று பொய் சொன்னேன். பொய்யில் பழக்கமுள்ளவன்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

மத்தியானம் ஜெனோவா பேசினாள். அத்தானுக்குக் கால் வீங்கியிருக்கிறது. படுத்தால் மூச்சு முட்டுகிறதாம். தலையணையைச் சாய்த்து உட்கார்ந்தே இருக்கிறாராம்.

“நாளைக்கு டயாலிசிஸுக்கு வருவீங்களான்னு கேட்டேன் மாமா. பதிலே இல்ல. காலைலேர்ந்து போன வாங்கி வச்சுக்கிட்டு அதத்தான் பாக்குறாங்க. இருபத்து நாலாவது பாகம். அதுவும் மொத ரெண்டு நிமிஷத்த மட்டும். தேய்ச்சுத் தேய்ச்சுத் திரும்பத் திரும்ப.”

“எங்கிட்டயும் அதக் காட்டேன்” என்றேன். அனுப்பினாள்.

பார்த்தேன். தண்டல் புகைக்குள்ளிருந்து இருமிக்கொண்டே வருகிறார், கையில் ஒரு டப்பா. படகில் இருக்கை ஐந்துதான், அதில் நான் சொன்னது சரி. ஆறாவது ஆளாக நெருக்கிக்கொண்டு உட்கார்கிறார். முட்டி யார் மேலோ இடிக்கிறது. கதவு சாத்துகிறது. வீர வசனம் ஒன்றும் இல்லை. நான் எழுதியது இதைவிட எவ்வளவோ நன்றாக இருந்தது என்று ஒரு கணம் தோன்றியது. தோன்றியதற்கு எனக்கே என் மேல் காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது.

நாளைக்கு ஆட்டோவை வரச் சொல்லியிருக்கிறேன். அவர் வருவாரா என்பது ஆட்டோவுக்குத் தெரிய வேண்டியதில்லை.

ஆகஸ்ட் 5, திங்கள்

திருவிழா. ஊரே வெள்ளையும் நீலமுமாகத் தெருவில் இருந்தது. சப்பரப் பவனிக்காக வழியெல்லாம் கயிறு கட்டிவிட்டார்கள். ஆட்டோவைத் தெரு முனையில் நிறுத்திவிட்டு அக்கா வீட்டுக்கு நடந்தேன். என்ன பேசுவது என்று பன்னிரண்டு வசனம் தயார் செய்திருந்தேன். எல்லாம் உலகத் தரம்.

அத்தான் வெளி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை. பூசைக்குக் கிளம்பியிருக்கிறார் என்று நினைத்து நின்றுவிட்டேன். அப்புறம்தான் மடியில் ஆஸ்பத்திரி ஃபைலைப் பார்த்தேன்.

“ஆட்டோ எங்க?” என்றார்.

“முக்குல நிக்குது அத்தான். உள்ள விட மாட்டேங்கான்.”

“கையப் பிடி.”

முனை வரைக்கும் அறுபது அடி இருக்கும். நாலு தடவை நின்றோம். மூச்சு விசில் மாதிரி வந்தது. அக்கா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது தடவை நின்றபோது அத்தான் பேசினார், விட்டு விட்டு.

“மாப்ள… அவன் டப்பாவோட வந்து உக்காருதாம்லா. அப்ப அந்த டாக்டரம்மா… மூஞ்சியப் பாத்தியா?”

“இல்ல அத்தான். நான் தண்டலத்தான் பாத்தேன்.”

“நானும் நாப்பது வருசமா அவனத்தான் பாத்துக்கிட்டுக் கிடந்தேன். நேத்துத்தான் அவளப் பாத்தேன். ஒரு வார்த்த பேசல அவ. டப்பாவ வாங்கிக் கீழ வச்சா. அவந் தோள்ல ஓங்கி ஒரு அடி வச்சா. வச்சிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டா.”

மூச்சு வாங்கினார். பேண்டு வாத்தியம் பக்கத்துத் தெருவில் தொடங்கியது. முடியட்டும் என்று நின்றோம்.

“தொண்ணூத்திரெண்டுல நான் கர ஏறுனேன்லா. ஹார்பர் பாலத்துலேர்ந்து வீடு வர மால. உள்ள போனேன். உங்க அக்கா கதவச் சாத்தினா. சாத்திட்டுக் கன்னத்துல ஒண்ணு விட்டா பாரு.”

“அக்காவா?”

“ஒருத்தர்கிட்டயும் சொல்லல நான். ஊரு மாலைய போடுது, இவ அறையுதா. ஏம்னு அவளும் சொல்லல, நானும் கேக்கல. அந்தத் தாள்ல பதினொரு கேள்வி எழுதுனேன். பன்னெண்டாவது அதுதாம்டே. எழுதல.”

“இப்ப விளங்கிட்டா அத்தான்?”

அவர் திரும்பிப் பார்த்தார். வாசலில் அக்கா இன்னும் நின்றாள்.

“நட. மெஷின வேற எவனுக்காவது குடுத்துரப் போறாளுவ.”

எடை மேடையில் ஏற்றியதும் பேச்சி சிஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டாள். நாலு கிலோ தண்ணீர் ஏறியிருந்தது. “கடலையே குடிச்சீங்களா தாத்தா?” என்று கத்தினாள். கத்தும்போது அவளுக்கு மூக்கு உறிஞ்சியது. அத்தான் இடது கையை நீட்டினார். முதல் மணி நேரத்திலேயே தூங்கிவிட்டார். வாய் லேசாகத் திறந்திருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குளிர் அதே குளிர். நாற்காலி அதே நாற்காலி.

இது எத்தனை நாளைக்கு என்று அவர் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை. திரும்பி வந்து வீட்டில் விட்டபோது அக்கா கஞ்சித் தம்ளரை நீட்டிக்கொண்டே, “புதன்கிழம நானும் வாரேன்” என்றாள்.

“ஒனக்கு முட்டி மடங்காதே” என்றார் அத்தான்.

“நீட்டிக்கிட்டு இருக்கேன். உங்களுக்கு என்ன?”

ஆட்டோக்காரரிடம் ஆறு மணி என்று சொல்லி வைத்திருக்கிறேன். பின் சீட்டில் மூன்று பேர். நெருக்கித்தான் உட்கார வேண்டும்.